தோற்றாலும் நம் அணிதான்: ஆயுள் ரசிகர்களைப் பற்றி ஓர் ஆய்வு

புதுக்கோட்டையிலிருந்து சென்னை சேப்பாக்கம் மைதானம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இந்த மாவட்டத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காக ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாத இரவுகளைக் கொடுக்கிறவர்களில், அந்த அணி ஆடுவதை நேரில் பார்த்தவர்கள் சொற்பம். டிக்கெட் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பேருந்துச் செலவு, தங்கும் செலவு, ஒரு நாள் கூலி இழப்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். இருந்தும் கறம்பக்குடியிலும் அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினத்திலும் மஞ்சள் சட்டைக்குக் குறைவில்லை. 2025இல் அந்த அணி தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஐ.பி.எல். பட்டியலின் கடைசி இடத்தில் வந்து நின்றது. அப்படியும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு அணிக்குப் போனவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு மனிதர் ஏன் ஓர் அணியை ஆயுள் முழுக்கச் சுமக்கிறார்? அதில் அவருக்குப் பணமில்லை, பதவியில்லை. வெற்றியில் பங்கு கிடையாது. தோல்வியில் மட்டும் தூக்கம் போகிறது. இதை வெட்டிவேலை என்று சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டுமானால் நான்கு கேள்விகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தப் பற்று எப்போது ஒட்டுகிறது? தோல்வி ஏன் அதை அறுப்பதில்லை? அது ஒட்டியிருப்பது ஆளிடமா, அணியிடமா, ஊரிடமா? அதனால் விளைவது நன்மையா, கேடா? இவற்றுக்கு உலகம் முழுக்கக் கிடைக்கும் விடைகளைத் திரட்டி, புதுக்கோட்டை போன்ற ஒரு மாவட்டத்துக்கு அவை என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

எந்த வயதில் ஒட்டுகிறது

ஆயுள் ரசிகர் என்றால் அமெரிக்காவில் முதலில் நினைவுக்கு வருவது பேஸ்பால். அங்கே தாத்தா எந்த அணியோ பேரனும் அந்த அணி என்பது பல குடும்பங்களில் எழுதாத சட்டம். தரவு ஆய்வாளர் சேத் ஸ்டீவன்ஸ்-டேவிடோவிட்ஸ் 2014இல் ஃபேஸ்புக்கில் யார் யார் எந்தப் பேஸ்பால் அணியை விரும்புகிறார்கள் என்பதைப் பிறந்த ஆண்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தார். நியூயார்க் மெட்ஸ் அணி 1969இலும் 1986இலும் பட்டம் வென்றது. அந்த ஆண்டுகளில் ஏழெட்டு வயதுச் சிறுவர்களாக இருந்தவர்களிடையே, நடுவயதிலும் அந்த அணிக்கு ரசிகர்கள் மற்ற வயதினரைவிடக் கூடுதலாக இருந்தார்கள். பிற அணிகளிலும் ஏறத்தாழ இதே போக்கு. எட்டு வயதில் ஓர் அணி வென்றால் அது ஒரு சிறுவனை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம் என்பது அவர் முடிவு. பெண்களிடம் இந்தப் போக்கு இவ்வளவு அழுத்தமாகத் தெரியவில்லை.

எட்டு வயதில் நடப்பது என்ன? அந்த வயதில் பிள்ளை ஆட்டத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை. அப்பாவோ அண்ணனோ மாமாவோ பக்கத்தில் இருக்கிறார்கள். ஆட்டத்தின் விதிகளையும், யாருக்காகக் கைதட்டுவது என்பதையும் அவர்கள் சொல்லித்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அதனால் அணியின் நினைவும் அந்த மனிதர்களின் நினைவும் பிரிக்க முடியாமல் பின்னிக்கொள்கின்றன.

தமிழர்களிடையேயும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து போய் டொராண்டோவில் குடியேறிய தமிழர்கள் பேஸ்பாலை அறியாதவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில்தான் டொராண்டோ புளூ ஜேஸ் 1992, 1993 என அடுத்தடுத்து இரண்டு பட்டங்களை வென்றது. அந்தப் பிள்ளைகள் இன்று பெற்றோர்கள். 2025இல் அதே அணி மறுபடியும் இறுதித் தொடருக்கு வந்து, ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸ் வரை இழுத்து, 5-4 என்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் தோற்றது. அந்தத் தோல்வியைத் தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்த தமிழ்க் குடும்பங்களில் பற்று இரண்டாம் தலைமுறைக்கு இறங்கிவிட்டது. புலம்பெயர்ந்த ஊரை நம் ஊர் என்று சொல்ல ஒரு விளையாட்டு அணி கொடுக்கும் வழி எளியது: நுழைவுத் தேர்வு கிடையாது, தோலின் நிறம் கேட்பதில்லை, அணி தோற்றால் எல்லாரோடும் சேர்ந்து வருந்தினால் போதும்.

சென்னை அணிக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து பட்டங்கள். 2010இல் எட்டு வயதாக இருந்த கீரனூர்ச் சிறுவனுக்கு 2023இல் இருபத்தொரு வயது. அவன் வளர்ந்த காலத்தின் பெரும்பகுதியில் அந்த அணி வென்றுகொண்டும், வெல்லும் தூரத்தில் நின்றுகொண்டும் இருந்தது. பத்து முறை இறுதிப் போட்டிக்கு வந்த அணி அது.

இங்கே ஒரு துணைக்கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டு ரஞ்சி அணி இதைவிடப் பழையது. 1954-55இலும் 1987-88இலும் கோப்பை வென்றது. அதில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் நம் பிள்ளைகள். அதற்கு ஏன் இப்படி ஆயுள் ரசிகர்கள் உருவாகவில்லை? நான்கு நாள் ஆட்டம் வேலை நாளில், பகலில், பெரும்பாலும் ஒளிபரப்பில்லாமல் நடந்தது. மாவட்டத்தில் இருப்பவருக்கு மறுநாள் நாளிதழில் ஸ்கோர் கார்டு மட்டும் கிடைத்தது. ஐ.பி.எல். மாலை 7.30 மணிக்குத் தொடங்குகிறது. கடை சாத்தி, வயல் வேலை முடித்து, வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருக்கும் நேரம். துபாயில் அப்போது மாலை ஆறு, சிங்கப்பூரில் இரவு பத்து. அறந்தாங்கியிலிருந்து அங்கே வேலைக்குப் போன மகனும் ஊரில் இருக்கும் தந்தையும் ஒரே பந்தை ஒரே நொடியில் பார்க்க முடிகிறது. ஆட்டம் முடிந்ததும் பேசிக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்கிறது. அணியின் தரத்தைவிட, சேர்ந்து பார்க்கும் நேரம்தான் ரசிகரை உருவாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தோல்வி ஏன் விரட்டுவதில்லை

வெற்றியின்போது ஒட்டிக்கொள்வது மனித இயல்பு. 1976இல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு போக்கைக் கவனித்தார்கள். தங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி வென்ற வாரத்தின் திங்கட்கிழமையில் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டையோடு வரும் மாணவர்கள் கூடுகிறார்கள்; தோற்ற வாரத்தில் குறைகிறார்கள். பிறர் ஈட்டிய புகழில் குளிர் காய்வது இது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, வென்ற பிரேசில் ரசிகர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது. தோற்ற இத்தாலி ரசிகர்களின் உடலில் இறங்கியிருந்தது. ஆட்டக்காரருக்கு நேர்வது பார்ப்பவரின் ரத்தத்திலும் நேர்கிறது.

அப்படியானால் தோற்கிற அணியை விட்டு ஓடுவதுதானே முறை? நடப்பது வேறு. பேஸ்பாலில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகர்கள் 1918க்குப் பின் 2004 வரை 86 ஆண்டுகள் காத்திருந்தார்கள். சிகாகோ கப்ஸ் ரசிகர்கள் 1908க்குப் பின் 2016 வரை 108 ஆண்டுகள். ஒரு பட்டத்தைக்கூடப் பார்க்காமலே பிறந்து, வாழ்ந்து, முதுமையில் மறைந்தவர்கள் அங்கே பலர். ஜப்பானின் ஹன்ஷின் டைகர்ஸ் 1985க்குப் பின் 2023இல்தான் வென்றது. நமக்குப் பக்கத்திலேயே பெங்களூரு அணி பதினெட்டாவது தொடரில், 2025 ஜூன் 3இல், முதல் கோப்பையைத் தொட்டது. அத்தனை ஆண்டுகளும் ஊரார் கேலியைத் தாங்கிக்கொண்டு அந்த ரசிகர்கள் அங்கேயே இருந்தார்கள்.

இங்கிலாந்தில் மார்த்தா நியூசன் தலைமையில் நடந்த ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பிரீமியர் லீக் கால்பந்தில் அதிகம் வென்ற சங்கங்களின் ரசிகர்களையும் அதிகம் தோற்ற சங்கங்களின் ரசிகர்களையும் ஒப்பிட்டபோது, தோற்ற சங்கங்களின் ரசிகர்களிடையேதான் பிணைப்பு ஆழமாக இருந்தது. சேர்ந்து பட்ட துன்பம் ஆட்களை இறுக்கிக் கட்டுகிறது. நம் வாழ்க்கையில் இது புதிய செய்தி இல்லை. வறட்சியை ஒன்றாகக் கடந்த ஊர் எளிதில் பிரிவதில்லை.

சென்னை அணியின் ரசிகர்களுக்கு இந்தச் சோதனை 2015 ஜூலையில் வந்தது. நிர்வாகத்தோடு தொடர்புடையவர் சூதாட்டத்தில் ஈடுபட்ட விவகாரத்தில், நீதிபதி லோதா குழு அணியை இரண்டு ஆண்டுகளுக்குத் தடை செய்தது. 2016, 2017இல் அணியே இல்லை. அதன் முக்கிய வீரர்களில் தோனி புனே அணிக்கும் ரெய்னா குஜராத் அணிக்கும் போனார்கள். அணி ஒழிந்தது என்று பலரும் எழுதினார்கள். 2018இல் திரும்பி வந்தபோது காவிரிப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது; சேப்பாக்கத்தில் ஏப்ரல் 10 அன்று ஒரே ஓர் ஆட்டம் நடந்தது; மற்றவை புனேவுக்கு மாற்றப்பட்டன. தண்ணீருக்காக மாநிலமே கொதித்தபோது ஆட்டம் முக்கியமா என்ற கேள்வி நேர்மையானது, அதைக் கேட்டவர்களில் அணியின் ரசிகர்களும் இருந்தார்கள். அதே மாதம் ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்கள் தனி ரயிலில் சென்னையிலிருந்து புனேவுக்குப் போனார்கள். அந்த ஆண்டு மே 27இல் ஷேன் வாட்சன் அடித்த 117 ரன்களோடு கோப்பை வந்தது. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியில் அதே வாட்சன் முழங்காலில் ரத்தம் கசியக் கசிய ஆடி 80 ரன் எடுத்தும் ஒரே ரன்னில் தோல்வி. இரண்டு ஆண்டுகளையும் நினைவுகூரும் ரசிகர்கள், தோற்ற ஆண்டின் ரத்தக்கறையைத்தான் இன்னும் நெகிழ்ச்சியோடு பேசுகிறார்கள்.

ஆளா, அணியா, ஊரா

இங்கேதான் தமிழ்நாட்டின் நிலை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. பாஸ்டன் ரசிகருக்கு அணி முதலில், ஆட்டக்காரர் பிறகு. நமக்கு 2008 முதல் அணியும் ஒரு மனிதரும் பிரிக்க முடியாதவர்கள். ராஞ்சியில் பிறந்த மகேந்திர சிங் தோனியை முதல் ஏலத்திலேயே அதிக விலை கொடுத்து, 15 லட்சம் டாலருக்குச் சென்னை எடுத்தது. ‘தல’ என்று தமிழர்கள் அவரை அழைத்தார்கள். திரைப்பட நாயகர்களுக்கு மன்றம் வைத்து, கட்அவுட் நிறுத்தி, பால் ஊற்றிப் பழகிய மண் இது. அந்தப் பழக்கம் அப்படியே மைதானத்துக்கு வந்தது. தமிழ்நாட்டு ரசிகர் மன்றங்களை ஆராய்ந்த சாரா டிக்கி, மதுரையின் எளிய மக்களுக்கு அந்த மன்றங்கள் மரியாதையையும் கூட்டுச் செயலையும் கொடுத்ததை 1993இல் வெளிவந்த நூலில் எழுதினார். மஞ்சள் சட்டைக்கும் அது பொருந்தும்.

ஆனால் ஆளைப் பற்றிய அன்பு அணியைப் பற்றிய அன்பைத் தின்னத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். தன் அணியின் வீரர் ஆட்டமிழந்தால் அடுத்து தோனி வருவார் என்று மைதானம் மகிழ்ந்து கத்திய காட்சிகள் 2023இல் நடந்தன. களத்தில் நிற்பவர் நம் அணிக்காரர். அவர் வெளியேற வேண்டும் என்று நம் கூட்டமே காத்திருப்பது ரசிகத்தன்மைக்கு அழகில்லை. அப்படி ஆரவாரத்துக்கு நடுவே ஆட வந்தவர்களில் ஒருவரான ஜடேஜாதான் அந்த ஆண்டு இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்து ஐந்தாவது கோப்பையைத் தந்தார். 2025 நவம்பரில் அவரை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது நிர்வாகம். ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். விற்கவும் வாங்கவும் முடியாதவர் ரசிகர் மட்டும்தான்.

ஊர்ப்பற்று என்ற காரணமும் முழு விடை தராது. சென்னை அணியில் தமிழ்நாட்டு வீரர்கள் மிகக் குறைவு என்ற குறை நெடுநாளாக உண்டு. 2023 ஏப்ரலில் அது சட்டமன்றத்திலும் ஒலித்தது. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 96 ரன் அடித்தவர் சென்னையில் வளர்ந்த சாய் சுதர்சன், குஜராத் அணிக்காக. தமிழ்நாட்டு ரசிகர்கள் யார் பக்கம் நிற்பது? பெரும்பாலோர் அணியின் பக்கம் நின்றார்கள். அதே வேளையில் அந்தப் பையனின் ஆட்டத்தை மெச்சவும் தவறவில்லை. இது சேப்பாக்கத்துக்குப் பழைய குணம். 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானிடம் 12 ரன்னில் இந்தியா தோற்றது. டெண்டுல்கர் வலியோடு அடித்த 136 வீணானது. அந்தத் துயரத்தோடே மைதானம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. தன் அணியை உயிராக நேசிப்பதும் எதிரணியை மதிப்பதும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்று அந்தக் கூட்டம் காட்டியது.

ஊரின் பெயரும் உரிமையாளரின் கணக்கும்

ரசிகர் ஆயுளைக் கொடுக்கிறார். அணி யாருக்குச் சொந்தம்? நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மக்களின் உயிராக இருந்த டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியை 1957 ஆட்டப் பருவம் முடிந்ததும் அதன் உரிமையாளர் நாட்டின் மறுகோடியிலிருக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த மக்களை யாரும் கேட்கவே இல்லை. அந்தக் காயத்தைப் புரூக்ளின் பல தலைமுறைகள் பேசியது.

நமக்கு மிக அருகில், புதுக்கோட்டைக்கு அடுத்த ஊரிலேயே, இதன் சிறிய வடிவம் நடந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016இல் தொடங்கியபோது ‘காரைக்குடி காளை’ என்று ஓர் அணி இருந்தது. செட்டிநாட்டுப் பக்கமும் புதுக்கோட்டைப் பக்கமும் இருக்கும் பிள்ளைகளுக்கு, தம் பேருந்தின் பெயர்ப்பலகையில் இருக்கும் ஊர் தொலைக்காட்சியில் வந்தது புதிய பெருமை. ஆனால் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலும் திண்டுக்கல்லை அடுத்த நத்தத்திலும் திருநெல்வேலியிலும் நடந்தன. காரைக்குடியில் ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. நான்கு தொடர்களுக்குப் பின் அந்த அணி திருப்பூருக்குப் பெயர் மாறியது. 2025இல் ‘திருப்பூர் தமிழன்ஸ்’ என்ற பெயரில் அது பட்டம் வென்றபோது காரைக்குடியில் யாரும் கொண்டாடக் காரணமில்லை. எட்டு வயதில் காளை அணியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு, பன்னிரண்டு வயதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓர் ஆட்டமும் தராத அணி ரசிகரை உண்டாக்க முடியாது.

இதற்கு மாற்று உண்டு. ஜெர்மனியின் கால்பந்துச் சங்கங்களில் வாக்குகளின் பெரும்பான்மை உறுப்பினர்களான ரசிகர்களிடமே இருக்க வேண்டும் என்பது 1998 முதல் பொது விதி. கொல்கத்தாவில் 1889இல் தோன்றிய மோகன் பகான் சங்கம் 2020இல் ஒரு நிறுவன அணியோடு இணைக்கப்பட்டு, அதன் பெயருக்கு முன்னால் அந்நிறுவன அணியின் பெயர் சேர்ந்தது. ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் ஓயாமல் எதிர்த்தார்கள். 2023இல் அந்த முன்னொட்டு நீக்கப்பட்டது. அணி ஒருவரின் சொத்தாக இருக்கலாம். அதன் பெயருக்கும் நிறத்துக்கும் நினைவுக்கும் ரசிகர்கள்தான் காவல்.

பற்று கெடும் இடங்கள்

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு கேட்டையும் சொல்லியாக வேண்டும். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கால்பந்து ஆட்டத்தில் ரசிகர்களிடையே மூண்ட சண்டையிலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில், பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பின் மகிழ்ச்சியில் கூடிய கூட்டத்தில் 11 பேர் நசுங்கி இறந்தார்கள். முதல் நிகழ்வில் பகை கொன்றது. இரண்டாவதில் கொன்றது அன்பு இல்லை. அந்த அன்பின் அளவை முன்கூட்டியே தெரிந்திருந்தும் போதிய ஏற்பாடு செய்யாத அலட்சியம்.

மாவட்டங்களில் தெரியும் கேடு வேறு வகை. முதலாவது பணப் பந்தயம். ரசிகரின் அறிவையும் ஆசையையும் பயன்படுத்தி, கைப்பேசி வழியாக அவர் கூலியை உறிஞ்சிய விளையாட்டுச் செயலிகள் பல ஆண்டுகள் தடையின்றி இருந்தன. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் தடை செய்தது. ஆனால் டீக்கடை ஓரத்து ரகசியப் பந்தயம் சட்டத்துக்கு எளிதில் சிக்காது. பந்தயம் கட்டியவர் ரசிகராக இருக்க முடியாது. அவர் பார்ப்பது ஆட்டத்தை இல்லை, தன் பணத்தை.

இரண்டாவது வசை. ஒரு கேட்சைத் தவறவிட்ட இருபது வயதுப் பையனின் தாயையும் தங்கையையும் சமூக ஊடகத்தில் திட்டுகிறவர்கள் தங்களை உண்மையான ரசிகர்கள் என்கிறார்கள். எதிரணி ரசிகரான பக்கத்து வீட்டுப் பையனோடு பேச்சை நிறுத்துகிறவர்களும் உண்டு. அணியைப் பிடித்ததே சேர்ந்திருப்பதற்காக என்பதை மறந்தால் பற்று இப்படித்தான் திரிந்துபோகும்.

புதுக்கோட்டை மண்ணில்

ஆயுள் பற்று என்பது தொலைக்காட்சி கொண்டுவந்த சரக்கா என்று கேட்டால், இந்த மாவட்டம் இல்லை என்று சொல்லும். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு கந்தர்வகோட்டை வட்டம் தச்சன்குறிச்சியில் நடப்பது வழக்கம். வாடிவாசலிலிருந்து முதலில் அவிழ்த்துவிடப்படுவது கோயில் காளை. அதை யாரும் பிடிப்பதில்லை. அது யாரையும் வெல்ல வேண்டியதும் இல்லை. ஊருக்குச் சொந்தம் என்ற ஒரே தகுதியில் அத்தனை பேரும் அதற்கு வழிவிட்டு நிற்கிறார்கள். அது இறந்தால் ஊர் கூடி, மாலை போட்டு, மனிதருக்குச் செய்வதுபோல அடக்கம் செய்கிறது. வெற்றி தோல்விக்கு அப்பால் ஒன்றைத் தனதென்று வாழ்நாள் முழுக்கப் பேணுவது எப்படி என்று இம்மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஊர்களில் நடக்கும் மின்னொளிக் கபடியைப் பாருங்கள். வற்றிய கண்மாயிலும் பள்ளித் திடலிலும் நடக்கும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டைப் பாருங்கள். பரிசுகளில் பல யாரோ ஒருவரின் நினைவுக் கோப்பைகள். இளவயதில் விபத்தில் போன நண்பனுக்காக, ஆட்டம் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்காக, கடன் வாங்காமல் காசு சேர்த்து ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் முதல் பரிசுத் தொகையை அனுப்புகிறார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்கள், தாம் ஒரு காலத்தில் ஆடிய ஊர் அணிக்காகக் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். இந்த ஊர் அணிகளுக்கு இருக்கும் ரசிகரும் ஆயுள் ரசிகர்தான். வேறுபாடு ஒன்றே: இங்கே ரசிகருக்கு ஆட்டக்காரரின் வீடு தெரியும்.

இந்தப் பற்றில் பாதிப்பேரான பெண்களுக்கு இடமே கொடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக்கில் மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப் பிரதேசம் என ஐந்து அணிகள். சென்னைக்கு அணி இல்லை. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை எடுத்தார்கள். அன்று எட்டு வயதாக இருந்த ஆலங்குடிச் சிறுமி அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால், மறுநாள் ஒரு மட்டையைக் கையில் எடுத்து எங்கே போவாள்? அண்ணன்கள் ஆடும் திடலின் ஓரத்தில் நிற்பதைத் தவிர அவளுக்கு வழி இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் சென்னையில் மட்டும் இல்லை.

என்ன செய்யலாம் என்பதற்குச் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி ஒரு முன்மாதிரி. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து இந்திய அணி வரை போன டி.நடராஜன், தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்துவைத்தார். ஓர் ஆட்டக்காரர் தனியாகச் செய்ததை, ஒரு மாவட்டத்தின் ரசிகர்கள் சேர்ந்தால் செய்ய முடியாதா?

முடிவு

நான்கு கேள்விகளுக்கும் கிடைத்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம். பற்று பிள்ளை வயதில், நாம் நேசிக்கும் மனிதர்களின் பக்கத்தில் ஒட்டுகிறது. தோல்வி அதை இறுக்குகிறது. ஆளும் உரிமையாளரும் மாறினாலும் அது தாங்குகிறது, அணி ரசிகரை முற்றாகக் கைவிடாத வரை. பணமும் பகையும் உள்ளே புகுந்தால் கெடுகிறது. ஓர் அணிக்கு ஆயுள் முழுக்க ரசிகராக இருப்பது வெட்டிவேலை இல்லை. லாபம் பாராமல் ஒன்றில் நிலைத்திருக்கவும், தோற்றவர் பக்கம் நிற்கவும், தந்தையிடம் பெற்றதை மகளிடம் கொடுக்கவும் அது ஒரு பயிற்சி. தோனி ஆடாத காலத்திலும் சென்னை அணியை இதே அன்போடு பிடித்துக்கொண்டிருந்தால், தமிழ்நாட்டு ரசிகரும் பாஸ்டன் ரெட் சாக்ஸ், ஹன்ஷின் டைகர்ஸ் ரசிகர்களின் வரிசையில் நிற்கத் தகுதி பெறுவார்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை: புதுக்கோட்டை 2024 முதல் மாநகராட்சி. தரமான புல்தரை மைதானம் ஒன்றை இங்கே அமைத்து, மாநில லீக்கின் ஆட்டங்களை இங்கும் நடத்துங்கள். நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இத்தனை ஆண்டுகளாக அன்பை மட்டும் அனுப்பியவர்களுக்கு அது உரிமை.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னை அணி ஆடும் நாட்களில் மஞ்சள் சட்டை போடுங்கள், விசில் அடியுங்கள், தோற்றால் வருந்துங்கள். ஆட்டம் இல்லாத மாலையில் உங்கள் ஊர்த் திடலுக்குப் போய், அங்கே ஆடும் பிள்ளைகளுக்கும் கைதட்டுங்கள். அவர்களில் பெண் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் கேட்டு வாங்கிக்கொடுங்கள். உங்கள் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை இருந்தால் கட்டாயம் கூட அழைத்துப் போங்கள்.